கருப்பில் வந்த காதர் மஹால்

எனக்கு இந்தத் தையோடு எழுபத்தாறு முடிகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். ஒருவன் என் நாத்தனார் கண்ணை மூடியபோது என் மடியில் விட்டுப் போனவன். ஐந்து பேரில் ஒருவர்கூடச் சோடை போகவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

இந்த வாரம் சொல்லப்போவது கடைக்குட்டி சுமதியைப் பற்றி. அவளைப் பற்றி என்று ஆரம்பித்தாலும் பாதி என்னைப் பற்றித்தான் வரும். அதுவும் நான் பெருமை அடித்துக்கொள்ள முடியாத பாதி.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் சுருளை நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து விரிக்கிறோம். கூடம் பத்தடிதான். படம் பன்னிரண்டடி. மீதி இரண்டடி அடுப்படிக்குள் போய்விட்டது.

புது ஃப்ளெக்ஸுக்கு ஒரு வாடை உண்டு. மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் கலந்த மாதிரி. பிள்ளைக்கு உரசி வைத்த வசம்பு, அடுப்பில் கொதிக்கிற பத்தியக் குழம்பு, அதோடு இந்த வாடையும் சேர்ந்து வீடே என்னவோ போல இருந்தது.

விரிய விரியக் கருப்பு. மையைக் கொட்டிய மாதிரிக் கருப்பு. அதன் நடுவில் ஒரு கட்டடம். சந்தன நிறச் சுவர், பச்சை வளைவுகள், உச்சியில் வெள்ளை எழுத்தில் ‘காதர் மஹால்’.

சுமதி கட்டிலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்று இருபத்திரண்டாம் நாள். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். 

அந்த நேரம் பார்த்து வடக்கு வீட்டு ஜெயம் கொத்தமல்லி கேட்டுக்கொண்டு வந்தாள். வாசற்படியிலேயே நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“யாருக்கா போயிட்டாங்க?”

“யாரும் போகல. உள்ள வா.”

அவள் குனிந்து எழுத்துக் கூட்டினாள். “காதர் பாயா? அவரு போயி ஏழெட்டு வருஷம் இருக்குமே. இப்ப எதுக்கு பேனரு?”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கம் ஃப்ளெக்ஸ் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கலர் கலராக வைப்பார்கள். கருப்பில் ஒன்று நின்றால் அது சாவுக்குத்தான். பஸ்ஸில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியாகப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள்.

அந்தக் கருப்பில்தான் ஜபருல்லா பாய் கட்டப்போகிற கல்யாண மண்டபத்தின் படம் வந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை அடிக்கல். இடையில் இருந்தது ஒரே ஒரு வியாழக்கிழமை.

பெட்டி வந்த கதை

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் விளங்கும்.

அப்போது நான் நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள். திருவையாற்றுக்குக் கிழக்கே எந்த மிராசுதார் வீட்டிலும் பாக்கியம் என்றால் தெரியும். முப்பது பெண்கள் என் பின்னால் வருவார்கள். என் வீட்டுக்காரருக்கு அரிசி மில்லில் வேலை.

அந்த வருஷங்களில் சிங்கப்பூர்ப் பணமும் துபாய்ப் பணமும் வர வர, சாலையோரமெல்லாம் மாடி வீடு எழும்பியது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிளான் வேண்டுமே. சுமதி அதைத்தான் படித்தாள். முதலில் பலகையில் தாளை ஒட்டிப் பென்சிலால் போட்டாள். பிறகு தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போய்வந்து கம்ப்யூட்டரில் போடக் கற்றுக்கொண்டாள். அந்த வரைபட சாஃப்ட்வேருக்குக் கேட் என்று பெயர். கல்யாணமானதும் மாப்பிள்ளை கத்தாருக்குப் போனார், ஏசி மெக்கானிக்காக. போன ஒரு வருஷத்தில் லீவில் வந்தபோது அவளுக்குச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

வளைகாப்பு முடிந்து அவளை அழைத்துவந்தபோது, கை நிறைய வளையலோடு அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காரின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். என் வீட்டுக்காரர் அதற்கு ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி வைத்தார். கன்றுக்குட்டிக்குக்கூட அவர் அப்படிப் போர்த்தியதில்லை.

நான் அவள் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பேன். திரை முழுக்கக் கருப்பு. அதில் மஞ்சள் கோடு, பச்சைக் கோடு, வெள்ளைக் கோடு. கோடு கோடாகப் போய்ச் சுவராகும், படியாகும், ஜன்னலாகும். அதைப் பார்த்துக்கொண்டே நான் கீரை ஆய்ந்துவிடுவேன்.

பிள்ளை பிறந்தது. பையன். பார்க்க வந்த சம்பந்தியம்மா, அந்தப் பெட்டியை இனி எதற்கு வைத்துக்கொள்வது, விற்றுவிட்டுப் பேரனுக்கு அரைஞாண் செய்து போடலாமே என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு வேறு வேலை எதற்கு என்பது அவர் நினைப்பு. சுமதி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண் பெட்டி இருந்த மூலைக்குப் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் ஜபருல்லா பாய் வந்தார். அய்யம்பேட்டைப் பக்கம், மெயின் ரோட்டில் அவர்களுக்கு மனை. அண்ணன் சுல்தான் பாய் துபாயில் முப்பது வருஷமாக இருப்பவர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து, காலமான அத்தா காதர் பாய் பெயரில் ஒரு மண்டபம் கட்டுவது என்று முடிவு. அண்ணனுக்கு மெட்ராஸ் எஞ்சினியர் மேல்தான் நம்பிக்கை. வீட்டில் உட்கார்ந்து ஒரு பெண்பிள்ளை போடுகிற படத்தை நம்பி இவ்வளவு பெரிய கட்டடத்தில் இறங்குவதா என்று போனிலேயே சத்தம் போட்டிருக்கிறார்.

ஜபருல்லா பாய் சுமதியிடம் ஒளிக்காமல் சொன்னார். அடிக்கல் போடுகிற அன்று, மண்டபம் முடிந்தால் எப்படி இருக்கும் என்று பெரிய படமாக மனையில் நிற்க வேண்டும். அண்ணன் பார்ப்பார். பிடித்தால் மண்டபத்தின் மொத்தப் படங்களும் உனக்கு. பிடிக்காவிட்டால் மெட்ராஸுக்குப் போய்விடும், என்னால் தடுக்க முடியாது.

அவர் போன பிறகு சுமதி பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். பச்சை உடம்புக்காரி இப்படி நிமிர்ந்து உட்காரலாமா என்று ஜெயம் கேட்டாள். முதுகுக்கு ஒரு தலையணையை வைத்துவிட்டு, உன் வேலையைப் பார் என்று நான் சொன்னேன். சுமதியைப் பார்த்து இல்லை, ஜெயத்தைப் பார்த்து.

தாள்

செவ்வாய்க்கிழமை படத்தைச் சிடியில் ஏற்றிக் கொடுத்தாள். முப்பது கழியாமல் பிள்ளை பெற்றவள் வாசல் தாண்டுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. அதனால் தஞ்சாவூருக்கு நான் போக வேண்டும். சம்பா நடவு நடக்கிற நேரம். ஆள்களை இரண்டு நாளைக்கு என் கூட்டத்துச் சின்னப்பொண்ணிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

சிடியோடு ஒரு தாளும் கொடுத்தாள். அதில் நான்கு விஷயம். அகலம் பன்னிரண்டடி, உயரம் எட்டடி. ஓரமெல்லாம் கயிறு கட்ட வளையம். கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற கருப்பை எடுத்துவிட்டு வெள்ளை. முழுசாக அடிப்பதற்கு முன்னால் மாதிரிக்கு ஒரு முழம் அடித்துப் பார்ப்பது. எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். தாளைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடு, நீ ஒன்றும் பேச வேண்டாம் என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. சுமதி பிறப்பதற்கு முன்னால் ஒரு ஆபீசுக்குப் போயிருந்தேன், ரேஷன் அட்டை விஷயமாக. மேசையில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். காலில் வயல் சேறு. உடனே மைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போடுவேன் என்று சொன்னேன். வரிசையே எட்டிப் பார்த்தது. இரண்டு எழுத்து எழுதினேன். மூன்றாவது எழுத்துக்கு என்ன செய்தும் பேனா நகரவில்லை. கடைசியில் விரலைத்தான் மையில் வைத்தேன்.

அன்றைக்குப் பிறகு, கண்ணை மூடிக்கொண்டு எழுதும் அளவுக்கு என் பெயரைப் பழகினேன். பஸ் போர்டு படிப்பேன். கடைப் பெயர் படிப்பேன். அதற்கு மேல் எதுவானாலும் யாரிடமும் நீட்டி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டது கிடையாது. எல்லாம் தலையில்தான். முப்பது பேரில் யார் எந்த வயலில் எத்தனை நாள் நட்டார்கள் என்று ஒரு நாள் பிசகாமல் சொல்வேன். நான்கு விஷயம் சொல்ல எனக்குத் தாள் எதற்கு?

தாளை மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஃப்ளெக்ஸ் கடையில் பாஸ்கர் என்று ஒரு பிள்ளை. மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அகலம் சொன்னேன், உயரம் சொன்னேன், வளையம் சொன்னேன். அவர் சிடியைப் போட்டுப் படத்தைத் திறந்தார்.

“அம்மா, பின்னாடி கருப்பா இருக்கே. இப்படியேவா?”

பார்த்தேன். என் மகள் வீட்டில் எப்படி வரைகிறாளோ அதே மாதிரி, அச்சாக அப்படியே இருந்தது.

“எம் பொண்ணு வரையறதே கருப்புலதான் தம்பி. அப்படியே போடுங்க.”

தாளில் மூன்றாவதாக ஏதோ இருந்ததே என்று ஒரு நொடி உறுத்தியது. எடுத்தால் அவர் முன்னால் எழுத்துக் கூட்ட வேண்டும். எடுக்கவில்லை.

படம் ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்றும் அவர் இழுத்தார். பெரிசாக்குவதுதானே உங்கள் வேலை என்று கேட்டேன். சிரித்துவிட்டார். மாதிரி அடித்துக் காட்டட்டுமா என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

புதன்கிழமை காலையில் சுருட்டி வைத்திருந்ததை அப்படியே வாங்கி வந்தேன். அங்கே விரித்துப் பார்க்கவில்லை.

முருங்கை மரத்தடியில்

மறுபடியும் கூடத்துக்கு வருகிறேன்.

ஜெயம் போன பிறகு சுமதி பிள்ளையை அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டுச் செல்போனை எடுத்தாள். கொல்லையில் முருங்கை மரத்தடியில் நின்றால்தான் அதில் பேச்சு கேட்கும். எழுதிக் கொடுத்தும் இப்படிச் செய்திருக்கிறார்களே, படிக்கத் தெரியாதவர்களை எல்லாம் கடையில் உட்காரவைத்தால் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

பின்னாலேயே நானும் போனேன். நான் பேசாமல் இருந்தால் பழி கடைக்காரர் மேல் போகும். அவர் இல்லை என்பார்; இவள் என்னை நம்புவாளே தவிர அவரை நம்ப மாட்டாள். அது எனக்குத் தெரியும். 

“போனை வையி. அந்தப் பிள்ளை மேல தப்பில்ல.”

“பின்ன யாரு மேல?”

“தாளை நான் குடுக்கலடி.”

சுருக்குப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். மடிப்புக் கலையாமல் இருந்தது. அவள் அதை வாங்கவில்லை.

“ஏம்மா?”

“வாயாலயே சொல்லிடலாம்னு நெனச்சேன். ரெண்டு சொன்னேன். மீதி ரெண்டு வரல. எடுத்துப் பார்த்தா அவரு முன்னாடி கூட்டிக் கூட்டிப் படிக்கணும்.”

என் பிள்ளைகளிடம் நான் அதுவரை இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அம்மாவுக்குப் படிக்க வரும், கண்தான் தெரியவில்லை என்று ஐந்து பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

சுமதி முருங்கை மரத்தில் சாய்ந்துகொண்டாள். கோபம்தான். மறைக்கவில்லை. இந்தப் படம் போனால் பெட்டி போகும் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டாள். தெரியும் என்றேன். உள்ளே பிள்ளை அழுதது. அவள் அப்பா ஏதோ பாட்டுப் பாடுகிற சத்தம் கேட்டது. அவருக்குப் பாட வராது. பிள்ளை இன்னும் பலமாக அழுதது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அழுகையும் கூடவே வந்தது.

தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “திரையில இருந்ததை அப்படியே எடுத்துக் குடுத்தது நான். அந்தக் கருப்பை நானே மாத்தி அனுப்பியிருக்கணும். பாதி எம் மேல.”

பிறகு பாஸ்கருக்குப் போன் போட்டாள். சண்டைக்கு இல்லை, இனி என்ன செய்யலாம் என்று கேட்பதற்கு.

அங்குலத்துக்கு ஏழு

கருப்பை மாற்றினால் மட்டும் போதாது என்று பாஸ்கர் சொன்னாராம். கிட்டப்போய்ச் சாய்ந்த கோடுகளைப் பாருங்கள் என்றாராம்.

குனிந்து பார்த்தோம். கருப்பைப் பார்த்த அதிர்ச்சியில் இதை யாரும் கவனிக்கவில்லை. சாய்ந்த கோடெல்லாம் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது. வளைவின் ஓரம் எலி கடித்த மாதிரி. மாடியில் கைப்பிடிக் கம்பிகள் போட்டிருந்தாள். அவை இருந்த இடமே தெரியவில்லை.

சுமதி எனக்கு விளக்கினாள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரிசைக்கு ஆயிரத்துச் சொச்சம் புள்ளிதானாம். திரையில் தெரிவதை அப்படியே படமாக எடுத்தால் அந்த ஆயிரம் புள்ளிதான் வரும். பன்னிரண்டடி என்றால் நூற்று நாற்பத்து நான்கு அங்குலம். ஆயிரம் புள்ளியை அதில் பரப்பினால் அங்குலத்துக்கு ஏழே ஏழு.

அது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஒரு மா நிலத்துக்கான நாற்றை மட்டும் பறித்து வைத்துக்கொண்டு, பத்து மாவையும் நடு என்று யாராவது சொன்னால் நான் என்ன செய்வேன்? இருக்கிற நாற்று முடியைப் பிரித்து முழத்துக்கு ஒன்றாக ஊன்றலாம். நட்டதாகப் பெயர் இருக்கும். பார்த்தால் சேறுதான் தெரியும்.

அப்படியென்றால் நாற்று கூட வேண்டும், அவ்வளவுதானே என்றேன். அவ்வளவேதான் என்றாள்.

அதற்கு வழி இருந்தது. கேட் சாஃப்ட்வேரில் வரைந்த கோடு எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாதாம். திரையைப் படம் பிடிக்காமல், பிரிண்டருக்கு அனுப்புகிற மாதிரி அனுப்ப வேண்டும். ஆனால் பிரிண்டர் கிடையாது. அதற்குப் பதில் படமாகச் சேமித்துக்கொள்ளும். எத்தனை புள்ளி வேண்டும் என்று நாமே சொல்லலாம். பின்னால் வெள்ளை என்றும் சொல்லலாம். மயிரிழையாக இருந்த கோடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் தடிமன் கொடுத்தாள், பெரிய படத்தில் காணாமல் போகாதபடிக்கு.

புத்தகத்தில் படம் போட அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி என்று அவள் படித்திருக்கிறாள். அதையே கொடுத்தாள். பெட்டி மூச்சை நிறுத்திவிட்டது. திரையில் ஒன்றும் அசையவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே கதை. என் வீட்டுக்காரர் பனையோலை விசிறியை எடுத்துவந்து பெட்டிக்கு விசிறினார். விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்டும் போனது.

வியாழக்கிழமை விடிந்ததும் பாஸ்கரையே கேட்டாள். இது கையில் வைத்துப் படிக்கிற புத்தகமா அக்கா, ரோட்டில் நிற்பதுதானே, எழுபத்திரண்டு தாராளம் என்றாராம். சுமதிக்கு மனசே இல்லை. முந்நூறு எங்கே, எழுபத்திரண்டு எங்கே? ஆனால் வேறு வழியும் இல்லை. எழுபத்திரண்டு கொடுத்தாள். பெட்டி முக்கியது, முனகியது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொண்டு படத்தைக் கொடுத்தது.

சிடியோடு அதே தாளையும் நீட்டினாள். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

எதிர்ச் சாரி

பாஸ்கர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. கடையில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள், கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர்கள். தாளை எடுத்தேன்.

“தம்பி, எனக்கு வேகமா படிக்க வராது. நீங்க சத்தமா படிங்க. நான் சரியான்னு சொல்றேன்.”

இவ்வளவுதான் வார்த்தை. இதைச் சொல்ல எனக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அந்த நான்கு பேரில் ஒருவர் கொட்டாவிகூட விட்டார்.

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். நான்காவதைப் படித்ததும், முதலில் ஒரு முழம் அடிப்போம் என்று அவரே சொன்னார்.

மிஷின் இப்படியும் அப்படியும் ஓடி ஒரு முழம் கக்கியது. வளைவின் ஒரு துண்டும் கைப்பிடிக் கம்பியும். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோடு படிக்கட்டாக இல்லை. ஆனால் பொடிப் பொடியாகப் புள்ளி தெரிந்தது.  புள்ளி தெரிகிறதே என்றேன்.

அதைக் கடை வாசல் கிராதியில் கட்டினார். எதிர்ச் சாரிக்குப் போய் நின்று பாருங்கள் என்றார்.

சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே தெருவைத் தாண்டிப் போய்த் திரும்பினேன். ஒரு புள்ளி இல்லை. வழவழவென்று வளைவு, கம்பி ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கலாம். நட்டுவிட்டுக் கரையேறித் திரும்பிப் பார்க்கும்போது இப்படித்தான் இருக்கும். உள்ளே நிற்கும்போது நாற்றுக்கு நாற்று இடைவெளியும் தண்ணீரும்தான் தெரியும். கரையிலிருந்து பார்த்தால் ஒரே பச்சை.

அடிங்க என்று அங்கிருந்தே கையைக் காட்டினேன்.

மத்தியானத்துக்கு மேல் முழுப் படமும் வந்தது. வெள்ளைப் பின்னணி. இந்தத் தடவை கடைத் தரையில் விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தேன். சுருட்டி, பஸ் கூரையில் ஏற்றிக் கட்டி, நேராக அய்யம்பேட்டையில் ஜபருல்லா பாய் கடையில் இறக்கிவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினேன். வழியில் தூறல் போட்டது. ஃப்ளெக்ஸுக்கு ஒன்றும் ஆகாது என்று கண்டக்டர் சொன்னார். இருந்தாலும் கல்லணைக் கால்வாய் உடைந்த மாதிரி எனக்குத் திக்திக்கென்றிருந்தது.

ரோட்டுக்கு வாங்க

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். சுமதி வரமுடியாதே, அவள் கண்ணாக நான் போனேன்.

மனையைச் சுத்தம் செய்து, சவுக்குக் கம்பு நட்டு, படத்தைக் கட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒன்றுமில்லாத வெறும் தரை, நான்கு முளைக்குச்சி, ஒரு குழி. பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். கார் வந்து நின்றது. சுல்தான் பாய் இறங்கினார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை.

யாரும் சலாம் சொல்லி முடிப்பதற்குள் நேராகப் படத்துக்குப் போய்விட்டார். மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.

“என்னா ஜபரு, அம்மை போட்ட மாதிரிப் புள்ளி புள்ளியா நிக்கிது? இதைத்தான் சொன்னேன், மெட்ராஸ்ல குடுன்னு.”

ஜபருல்லா பாய் முகம் சுருங்கிவிட்டது. அண்ணனிடம் எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பெட்டியும், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற என் பிள்ளையும் எனக்குக் கண்ணில் வந்தார்கள்.

நான் முன்னால் போனேன்.

“மண்டபத்தை யாருங்க பாய் மூக்கை வச்சுப் பார்க்கப் போறாங்க? ரோட்டுக்கு வாங்க.”

யார் இந்த அம்மா என்பதுபோல் பார்த்தார். நான் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். கூப்பிட்டுவிட்டு நின்று பார்த்தால் ஆள் வராது. நடந்தால்தான் பின்னால் வரும். நடவு ஆள்களிடம் கற்றது. அவரும் வந்தார்.

ரோட்டைத் தாண்டிப் புளியமரத்தடியில் நின்று திரும்பினோம். அவர் கண்ணாடியைச் சரிசெய்தார்.  வெறும் தரைக்குப் பின்னால் சந்தனச் சுவரும் பச்சை வளைவுமாக மண்டபம் நின்றது. பின்னால் வெள்ளையாக இருந்ததால் படம் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. மாடிக் கைப்பிடிக் கம்பிகூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

அப்போது கும்பகோணத்திலிருந்து வந்த பஸ் ஒன்று மாட்டுக்காக வேகத்தைக் குறைத்தது. ஜன்னலோரத்தில் இருந்த ஒரு பெரியவர் தலையை நீட்டி, எங்களைப் பார்த்துக் கேட்டார்.

“ஏங்க, தை மாசத்துல மண்டபம் கிடைக்குமா? எம் பேத்திக்கு.”

பஸ் போய்விட்டது. சுல்தான் பாய் குழியையும் முளைக்குச்சியையும் பார்த்தார். படத்தைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். காரில் இருந்த வீட்டம்மாவைக் கூப்பிட்டு, இங்கே வந்து நின்று பார் என்றார். பிறகு தம்பியை.

“யாரு போட்டது?”

“இந்தம்மா மவதாண்ணே. பிள்ளை பெத்து இன்னும் மாசம்கூட ஆவல.”

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். “மெட்ராஸ்காரரைக் கான்கிரீட்டு, கம்பிக் கணக்கு மட்டும் பார்க்கச் சொல்லு. படமெல்லாம் அந்தப் புள்ளையே போடட்டும்.”

வீட்டுக்கு வந்து நான் சொன்னபோது சுமதி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.  எந்த இடத்தில் நின்று பார்த்தார், எத்தனை அடி இருக்கும், கம்பி தெரிந்ததா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் தலையணையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி வைக்கச் சொன்னாள்.

முப்பது முடிந்து அழைத்துப்போக வந்த சம்பந்தியம்மா பெட்டியைப் பற்றி வேறு பேச்சுப் பேசினார். அவருடைய தம்பி வீடு கட்டப்போகிறாராம், முன்பக்கம் ஒரு வளைவு வைத்துப் படம் போட முடியுமா என்று கேட்டார். சுமதி என்னைப் பார்க்காமல் சிரித்தாள்.

இன்றைக்கு அவளுக்குத் தஞ்சாவூரில் ஒரு மாடி முழுக்க ஆபீஸ். நான்கு பெண்பிள்ளைகள் அவளிடம் வேலை பார்க்கிறார்கள். அந்தக் கருப்புப் படம் பல வருஷம் எங்கள் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாக இருந்தது, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய. மழைக்கு ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

இவ்வளவையும் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருப்பவள் பெரிய மகனின் மகள் யாழினி. கை வலிக்கிறது என்று பேனாவை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டாள். பத்திரிகைக்காரர்களுக்கு நாளைக்குள் போய்ச் சேர வேண்டுமாம். போகட்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

யாழினி, அச்சுக்குப் போறதுக்கு முந்தி மொதல்லேருந்து ஒரு தடவை படிச்சுக் காட்டு கண்ணு. சத்தமா, நிறுத்தி நிறுத்தி. நான் தலையாட்டுன பிறகு அடுத்த வரிக்குப் போ.